அட்டவணையில் ஏறிய பெயர்கள்

எங்கள் சங்கக் கூடத்தில் பூட்டக்கூடிய அறை சமையலறை ஒன்றுதான். ஆகவே தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் மட்டும் அடுப்பேறும் பெரிய அண்டாக்களுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஸ்கேனரும் என் மடிக்கணினியும் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. சனிக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் கூடி, சங்கத்தின் பழைய மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கடற்காற்று ஈரமும் இராமபாணப் பூச்சியும் ஓரங்களைத் தின்றுவிட்ட புத்தகங்கள் அவை. முதுகுத் துணி கிழிந்திருக்கிறது, தாள் பழுப்பேறியிருக்கிறது, ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கின்றன, மெய்யெழுத்துகளில் பாதிக்குப் புள்ளியே கிடையாது. மின்வெட்டு வந்தால் ஸ்கேனர் பாதிப் பக்கத்தில் நின்றுவிடும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்போம்.

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊர்த் தமிழர்களில் இளையோர் பெரும்பாலோருக்குத் தமிழ் பேசவும் படிக்கவும் வராது என்பதால், கையெழுத்துத் தமிழைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. 1960களின் நடுப்பகுதி வரை மினிட்ஸ் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது; அதன்பின் ஆங்கிலம். தமிழ்ப் பக்கங்களை யாரும் தேடிப் படிக்க முடியாதே என்று, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கமும், அதில் வரும் பெயர்களை ஆங்கில எழுத்தில் கோத்த ஓர் அட்டவணையும் தயாரித்தோம். பேரப்பிள்ளைகள் தாத்தா பெயரைத் தட்டினால் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதைப் பெருமையாகத்தான் செய்தோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வயது 72. தன் பேரன் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைய, கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கூகுளில் போட்டிருக்கிறான். முதலில் வந்தது எங்கள் பக்கம். அந்தப் பாட்டியின் கணவர் குடும்பத்தை விட்டுப் போய்விட்டதால் 1962இல் அவர் சங்கத்திடம் உதவி கேட்டு மனுக் கொடுத்ததும், ‘நடத்தை குறித்து ஐயம் எழுப்பப்பட்டதால்’ மனு தள்ளப்பட்டதும் எங்கள் ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரே வரியில் இருந்தன. பையன் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அறுபது பேருக்கு மேல் இருக்கிற குழு.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்கம்மா, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க” என்றார். பிறகு சற்று நேரம் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிரவு அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மினிட்ஸில் இருந்ததை நான் பொய்யாக எழுதவில்லை. ஒரு சொல் கூடக் கூட்டவில்லை. ஆனாலும் மூலத்துக்கும் என் சுருக்கத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூலத்தில், அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசிய இருவரின் பெயர்கள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒருவர் எழுந்து, ‘மகசின் பாரக்ஸ் குடியிருப்பில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், அப்படிப்பட்டவர் அல்லர்’ என்று சொன்னதும் இருக்கிறது. நான் சுருக்கியபோது பேசியவர்களின் பெயர்கள் விழுந்துவிட்டன, ஆதரித்தவரின் பேச்சும் விழுந்துவிட்டது. மனுக் கொடுத்தவரின் பெயர் மட்டும், அதுவும் தேடினால் கிடைக்கும்படி, தங்கியது. ‘ஐயம் எழுப்பப்பட்டது’ என்று எழுதிவிட்டால் எழுப்பியவர் தப்பித்துக்கொள்வார். செயப்பாட்டு வினை இவ்வளவு வேலை செய்யும் என்று இலக்கண வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. அறுபது ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. சங்கத்தின் எந்த உறுப்பினரும் அலமாரியைத் திறந்து எடுத்துப் படித்திருக்கலாம். ஆனால் படிக்க வேண்டுமானால் கூடத்துக்கு வர வேண்டும், சாவி வைத்திருப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும், எந்த ஆண்டு என்று தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் தமிழ் மெல்ல மெல்ல மறைந்ததை நினைத்து நாம் எவ்வளவோ வருந்துகிறோம். அந்த மறைவே சில பக்கங்களுக்கு ஒரு திரையாகவும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திரையை விலக்கியது ஸ்கேனர் அன்று. கையெழுத்துத் தமிழை எந்த மென்பொருளும் எங்களுக்குச் சரியாகப் படித்துத் தரவில்லை. வெறும் படமாகப் போட்டிருந்தால் கூகுளுக்கு அது ஒரு பழுப்புத் தாள்தான். பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அட்டவணையில் ஏற்றிய கை என்னுடையது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ‘பொப்பி’ என்று சுருக்கி அழைக்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, அதன் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. இணங்கி நடக்க ஓராண்டு அவகாசமும் கொடுக்கப்பட்டது. அதன் 24ஆம் பிரிவின்படி, தம்மைப் பற்றிய தகவல் தவறானது, தேவைக்கு மிஞ்சியது, காலாவதியானது, முழுமையற்றது, திசைதிருப்புவது என்றெல்லாம் ஒருவர் கருதினால், திருத்தவோ நீக்கவோ கேட்கலாம். 14ஆம் பிரிவு, தேவை முடிந்தபின் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வரலாறு, புள்ளியியல், ஆய்வு ஆகியவற்றுக்காக வைத்திருப்பதானால் தக்க பாதுகாப்புடன் வைத்திருக்கலாம் என்று விலக்கும் தருகிறது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது உயிரோடிருக்கும் மனிதரை. 1962இல் மனுக் கொடுத்தவர் இப்போது இல்லை. சட்டப்படி அவருக்கு அந்தரங்கம் என்று ஒன்று மிச்சமில்லை. என்னை அழைத்த அவருடைய மகளுக்கு இருக்கிறது, ஆனால் பக்கத்தில் மகள் வெறும் ‘மூன்று குழந்தைகள்’ என்ற எண்ணிக்கைக்குள் இருக்கிறார். எங்கள் சங்கத்தின் சட்ட ஆலோசகர் சிரித்துக்கொண்டே, “நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை” என்றார். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் இந்த வாக்கியம் ஏனோ எனக்கு ஒருபோதும் நிம்மதி தந்ததில்லை.

‘மறக்கப்படும் உரிமை’ என்ற தொடரை உலகறியச் செய்த வழக்கையும் தேடிப் படித்தேன். ஸ்பெயின் நாட்டு மாரியோ கோஸ்டேஹா கொன்சாலேஸ் என்பவரின் சொத்து, சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக ஏலத்துக்கு வருவதாக 1998இல் பார்சிலோனாவின் ‘லா வான்கார்டியா’ நாளிதழில் அறிவிப்பு வெளியாயிற்று. கடன் தீர்ந்தது; ஆண்டுகள் கழிந்தன; நாளிதழ் தன் பழைய இதழ்களை மின்வடிவாக்கியபோது அவர் பெயரைக் கூகுளில் தேடுபவர்களுக்கு அந்த ஏலமே முதலில் வந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் விடுகிற நுட்பம் ஒன்று உண்டு. நாளிதழ் தன் பக்கத்தை எடுக்க வேண்டியதில்லை. அவர் பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளிலிருந்து அந்த இணைப்பைத் தேடுபொறிதான் நீக்க வேண்டும். ஆவணம் அலமாரியிலேயே இருக்கட்டும், அலமாரி அவர் பெயரைக் கூவிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் பொருள். பின்னர் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு அழிக்கக் கேட்கும் உரிமையை எழுத்தில் வைத்தது. பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கு அதிலும் விலக்கு உண்டு. மறக்கச் சொல்லி வழக்காடிய அந்த மனிதரின் கடன் இன்று உலகச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாக இருப்பது தனிக்கதை.

தாய்நாட்டிலும் இந்த விவகாரம் இன்னும் முடிந்தபாடில்லை. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பு நகலிலிருந்து தம் பெயரை மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார்; 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது; அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. நீதிபதிகளே மூன்று விதமாக நடந்திருக்கும்போது, சமையலறையில் ஸ்கேனர் வைத்திருக்கும் நாங்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

அந்தப் பக்கத்தை உடனே பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டேன். தேடுபொறிகள் அட்டவணையைத் தொடாதபடி குறிப்புச் சேர்த்தோம். சில வாரங்களில் அந்தப் பெயரைத் தேடினால் வருவது நின்றது. வாட்ஸ்அப் குழுவில் போன படத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. இணையத்தில் எதையாவது போடும்போது ‘பிறகு வேண்டுமானால் எடுத்துவிடலாம்’ என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: நம் வீட்டில் இருக்கும் நகலை மட்டுமே நாம் எடுக்க முடியும்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இரண்டு வாரத்தில் அந்த அம்மாளின் அண்ணன் ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து அழைத்தார். மனுக் கொடுத்தபோது அவருக்குப் பதினைந்து வயதாம். “எதற்கு எடுத்தீர்கள்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மகசின் பாரக்ஸ் வீடுகள் மாநகராட்சித் தொழிலாளர்களுக்கானவை. அப்பா வேலையையும் வீட்டையும் ஒருசேர விட்டுப் போனபோது அம்மா மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்காமல் பார்த்துக்கொண்டதை அவர் அரைமணி நேரம் விவரித்தார். அம்மாவைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது இருக்கட்டும், பேசியவர்களின் பெயரும் இருக்கட்டும், இந்தச் சங்கம் அன்று என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றார். தங்கைக்கு அது அவமானம். அண்ணனுக்கு அது சாட்சி. இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள். தாய் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று இருவருமே உறுதியாகச் சொன்னார்கள், எதிரெதிராக.

இதற்கிடையே மூன்றாவது கோரிக்கை ஒன்றும் வந்தது. 1958ஆம் ஆண்டு மினிட்ஸில், கட்டட நிதியில் நாற்பது பவுண்டு கணக்கில் வரவில்லை என்றும் (அப்போது இங்கே ராண்டு வரவில்லை), பொருளாளர் மூன்று கூட்டங்களாகக் கணக்கு ஒப்படைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பொருளாளரின் மகன் இன்று சங்கத்தின் பெரும் புரவலர்களில் ஒருவர். அவரும் ‘பொப்பி’ சட்டத்தைச் சொல்லி, அந்தரங்கம் என்ற சொல்லையே சொல்லி, அந்தப் பக்கங்களை நீக்கச் சொன்னார். முடியாது என்று குழு பதிலெழுதியது. கூடத்துக் கூரையைப் புதுப்பிக்க அவர் தருவதாகச் சொன்ன நன்கொடை அதன்பின் வரவில்லை; மழை நாள்களில் ஸ்கேனரை நாங்கள் இரண்டடி தள்ளி வைத்துக்கொள்கிறோம்.

ஒருவருக்கு இரங்கிவிட்டு இன்னொருவருக்கு ஏன் மறுத்தீர்கள் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. மனுக் கொடுத்த பெண் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டவர்; எழுதியவர்கள் வேறு. தம்மைப் பற்றிப் பேசிய அந்தக் கூட்டத்தில் அவர் உட்காரக்கூட இல்லை. பொருளாளரோ அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர், பிறர் பணத்தைக் கையில் வைத்திருந்தவர், கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல இடமிருந்தவர். பொதுப் பொறுப்பில் இருந்தவரின் கணக்கு அவருடைய அந்தரங்கமாகிவிடாது. இப்படிச் சொல்லும்போது எனக்கு இது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் பொருளாளரின் பேத்தி ஒருத்தி சனிக்கிழமை வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிறாள் என்பதையும் நான் நினைத்துக்கொள்கிறேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்த உறவு வரை இழுத்து, நிலங்களைப் பறிமுதல் செய்ததைப் பதிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று; அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத யாரோ ஒரு பெண்ணின் உறவுகள் இன்னும் அந்தக் கல்லில் நிற்கிறார்கள்.

இந்த நாட்டில் ‘அழித்துவிடுங்கள்’ என்ற சொல்லை எவரும் எளிதாகச் சொல்ல முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1993இல் ஆறிலிருந்து எட்டு மாதங்களுக்குள், தேசிய உளவுத் துறையின் தலைமையகம் மட்டும் ஏறக்குறைய 44 டன் தாள்களையும் மைக்ரோஃபிலிம்களையும் பிரிட்டோரியாவின் இரும்பாலை உலையில் போட்டு எரித்தது என்று, அந்த ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு வரி கிடைக்காதா என்று ஆணையத்தின் முன் வந்து நின்ற தாய்மாருக்குப் பல வேளைகளில் கொடுக்க எதுவும் இல்லை. அந்த உலையில் எரிந்தவற்றில் உளவாளிகள் ஒட்டுக்கேட்ட அந்தரங்கங்களும் நிறைய இருந்திருக்கும். எரிந்ததே நல்லது என்று நினைக்கிற குடும்பங்களும் இருக்கலாம். ஆனால் எரித்தவர்கள் அவர்களுக்காக எரிக்கவில்லை. அதனாலேயே இந்நாட்டு ஆவணக் காப்பாளர்கள் ‘நீக்கு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் முதலில் கேட்பது யார் என்று பார்க்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், காப்பகத்துக்கு வந்த அரசு ஆவணங்களுக்கு இருபது ஆண்டு கழிந்தால் பொதுமக்கள் பார்வைக்குக் கதவைத் திறந்ததும் இதே வடுவிலிருந்து வந்ததாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

நான் இன்னும் தீர்வு காணாத இடம் கப்பல் பட்டியல்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரோடு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் என்று பத்தி பத்தியாக எழுதி வைத்தார்கள். ஓடிப்போனால் பிடித்துக் கொண்டுவர எழுதியது. இன்று அதே பட்டியல் கணினியில் ஏற்றப்பட்டு, கொள்ளுப்பேரன்கள் வேரைத் தேட உதவுகிறது. முன்னோரின் எண் கிடைத்த அன்று என் எதிரில் உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இடது முழங்கையில் தழும்பு’ என்ற மூன்று சொல்லைப் படித்துவிட்டு, ஒரு கல்லூரிப் பையன் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் அந்தச் சாதிப் பத்தியை என்ன செய்வது? திருநெல்வேலியில் பிறந்த எனக்கு, இந்த ஊருக்கு வந்த புதிதில் மூச்சுவிட முடிந்ததற்கு ஒரு காரணம், இங்கே என்னை யாரும் ‘எந்தத் தெரு’ என்று கேட்காததுதான். கப்பலிலும் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளிலும் ஒன்றாகக் கிடந்து, கிடைத்த துணையை மணந்து, ஐந்தாறு தலைமுறையில் இவர்கள் சாதியைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டார்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாட்சி என்பவை இங்கே குடும்பப் பெயர்களாக, சற்றே உருமாறிய ஒலிப்போடு, டர்பன் கடைப் பலகைகளில் தொங்குகின்றன. அவற்றைச் சுமப்பவர் பலருக்கு அவற்றின் பழைய பொருள் தெரியாது. கப்பல் ஏறியபோதே அந்தப் பட்டம் இருந்ததா, இறங்கியபின் ஒட்டிக்கொண்டதா என்பது பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சமூகம் தானாகவே, எந்தச் சட்டமும் கேட்காமல், தனக்கு வழங்கிக்கொண்ட மறதி அது. நாங்கள் குடும்ப மரம் வரைந்து தரும்போது அந்த மறதியை ஒரு பத்தியால் கலைத்துவிடுகிறோம். சென்ற ஆண்டு ஒரு பெண் தன் கொள்ளுத்தாத்தாவின் வரியைப் படித்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மிக இயல்பாகக் கேட்டாள். நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

எங்கள் குழுவிலேயே இதில் ஒத்த கருத்து இல்லை. சாதிப் பத்தியை மறைப்பது வரலாற்றை மறைப்பது என்று எங்களில் இளையவர் வாதிட்டார். எந்தச் சமூகத்தார் எவ்வளவு பேர் வந்தார்கள், யார் பஞ்சத்தால் துரத்தப்பட்டார்கள், எவர் ஊரின் கொடுமையிலிருந்து தப்பி வந்தார்கள் என்பதையெல்லாம் அந்தப் பத்தி இல்லாமல் ஆராய முடியாது. மறைத்தால் ‘நாங்கள் எல்லோரும் உயர்ந்த குடி’ என்று கதை கட்டுபவர்களுக்குத்தான் லாபம் என்றார். அவர் சொல்வது சரி. மொத்தக் கணக்காகப் பார்க்கும்போது அது வரலாறு. ஒரு பெயரின் எதிரில் பார்க்கும்போது, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் போய் விழுகிற வெளிச்சம். ‘பொப்பி’ சட்டமும் இனம், மத நம்பிக்கை, உடல்நலம் முதலியவற்றைத் தனிச்சிறப்பான தகவல் என்று பிரித்து வைக்கிறது, ஆனால் அதுவும் உயிரோடிருப்பவருக்குத்தான். கொள்ளுத்தாத்தாவுடையது என்றால் சட்டத்துக்கு அக்கறை இல்லை. சாதி பரம்பரையாக வருவது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இப்போதைக்கு எங்கள் நடைமுறை இதுதான்: நாங்கள் வரைந்து தரும் குடும்ப மரத்தில் சாதிப் பத்தியைத் தட்டச்சு செய்வதில்லை. கேட்பவருக்கு, அவர் குடும்பத்து வரியை, எதிரில் உட்காரவைத்துக் காட்டுகிறோம். முழுப் பட்டியல் இணையத்தில் வேறிடத்தில் கிடைக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை நான் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று எனக்கு இருக்கிறது. இதற்குமேல் இதற்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மினிட்ஸ் புத்தகங்களுக்கு வேறு ஏற்பாடு செய்தோம். எதையும் கிழிப்பதில்லை, எரிப்பதில்லை. ஸ்கேன் செய்த மூலப் படங்கள் அனைத்தும் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன. கணக்கு, தேர்தல், தீர்மானம், பள்ளிக்கூடம், கட்டடம் தொடர்பானவை பெயரோடு திறந்திருக்கும். உதவி கேட்ட மனு, குடும்பச் சண்டை, திருமண விவகாரம், நோய் ஆகியவை உள்ள பக்கங்கள் மூடியிருக்கும். அவற்றில் வரும் மிக இளையவர் பிறந்து நூறாண்டு ஆனபின் திறக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை போட்டு, மேலே ஆண்டைக் குறித்தோம். அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருந்ததால், என் சுருக்கங்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன். உதவி கேட்டவரின் பெயர் இராது. மறுத்தவர்களின் பெயர்கள், அவர்கள் வகித்த பதவியோடு, இருக்கும். செயப்பாட்டு வினையைக் கண்ட இடத்திலெல்லாம் எழுவாயைத் தேடிப் போடுகிறேன். இதுவரை 212 பக்கம் முடிந்திருக்கிறது.

‘பொப்பி’ சட்டத்தின் 24ஆம் பிரிவில், நீக்கவோ திருத்தவோ உடன்பாடு ஏற்படாவிட்டால், திருத்தம் கேட்கப்பட்டது என்ற குறிப்பைத் தகவலோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒரு வழி இருக்கிறது. எங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அம்மாளை அழைத்து, நீங்கள் ஏதாவது எழுதித் தர விரும்பினால் பக்கத்தோடு சேர்த்து வைப்போம் என்றேன். யோசிக்கிறேன் என்றவர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மருமகளோடு சமையலறைக்கே வந்துவிட்டார்.

புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கடியில் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். இந்தச் சங்கப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தமிழ்தான் அது. தம் தாயாரைத் தாங்கிப் பேசியவரின் பெயர் வந்த இடத்தில் நின்று, “இவரா? இவர் பேசினாரா?” என்று மருமகளிடம் இரண்டு முறை கேட்டார். மருமகளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. பிறகு, ‘அரிசியும் ரொக்கமும் கேட்டு மனு’ என்றிருந்த வரிக்குத் திரும்பிப் போய், அது தப்பு என்றார். நான் தாளும் பேனாவும் கொடுத்தேன். தமக்குக் கை நடுங்குகிறது, நீ எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்:

“எங்க அம்மா அரிசி கேக்கல. எங்க மூணு பேரு ஸ்கூல் ஃபீஸத் தள்ளி வைக்கச் சொல்லித்தான் கேட்டாங்க. அரிசிய நாங்க கடையில எழுதி வச்சு வாங்கினோம். எல்லாத்தையும் அடைச்சிட்டோம்.”

கீழே தம் பெயரைத் தமிழில் தாமே எழுதினார். அதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இதை ஸ்கேன் செய்யலாமா என்று கேட்டேன். தாளை மடித்து என்னிடம் நீட்டியபடி, “நான் போன பொறவு பண்ணிக்கோம்மா” என்றார். உறையில் வைத்து ஒட்டினேன். மேலே ஆண்டு எழுத விட்டிருக்கும் கோட்டில் இன்னும் எதையும் எழுதவில்லை.